எனக்குக் கேட்காத இடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. பாலசமுத்திரத்தில் பிறந்தவன், பழனி முருகனைக் கும்பிடுவேன், அது வேறு விஷயம். ஆனால் யாராவது 'உச்சி வெயிலில் அந்தப் புளியமரத்துப் பக்கம் போகாதே' என்றால் வேண்டுமென்றே அங்கே போய் நின்று பீடி குடித்துவிட்டு வருகிற ஆள் நான். படித்தது கம்ப்யூட்டர், பிழைப்பு கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்வது. எந்திரம் மக்கர் பண்ணினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் நான் ஒழுங்காகத் தேடவில்லை என்று அர்த்தம். இப்படிப் பேசுகிறவன் இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், பாதி இடத்தில் நானே சிரித்துவிடுவேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் என்று நினைவு. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரே வரிசையில் ஆறு வீடு, அதில் நான்காவது எங்களுடையது. நான், என் மனைவி கலா, ஏழு வயது மகள் தேன்மொழி. கலா வீட்டிலேயே ஹோம்மேட் சாக்லேட் செய்து ஊருக்குள் இருக்கும் கடைகளுக்குக் கொடுப்பாள். வீட்டில் எந்நேரமும் கொக்கோ வாசம்தான், என் சட்டையில்கூட அடிக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்ததற்குக் காரணம் நான் நடத்திய பாடம் இல்லை.

கலாவைப் பற்றி ஒன்று சொன்னால்தான் மற்றது புரியும். அவள் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். எட்டு வயதில் அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்தாள். அவளுடைய அக்கா செல்லம்மாவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு அந்த நாட்டுப் பிரஜை என்று காகிதம் கிடைத்துவிட்டதால் அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். கொஞ்ச வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் அங்கே கலவரம், அக்கா குடும்பம் தோட்டம் மாறியது, கடிதமும் நின்றது. இருபத்தைந்து வருஷம் போல ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றும் தெரியாது. கலா சாக்லேட் கிண்டிக்கொண்டே எங்கேயோ பார்ப்பாள், அக்காவை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும், கேட்க மாட்டேன்.

அந்த அக்காவைக் கண்டுபிடித்துக் கொடுத்தது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர். கோத்தகிரியில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் மூலமாக அக்கா மகன் யோகனின் மெயில் முகவரி கிடைத்தது. அட்டனில் ஒரு கடையில் வேலை பார்த்தான், முகவரியும் அந்தக் கடையுடையதுதான். வாராவாரம் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல மெயில் அடிப்பான். 'சித்தி, எங்கட கொம்பியூட்டர் இண்டைக்குச் சரியில்லை' என்று ஆரம்பிப்பான், கலா விழுந்து விழுந்து சிரிப்பாள், அப்புறம் அழுவாள், அப்புறம் அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று ஓடுவாள்.

அந்தக் கம்ப்யூட்டரைக் காப்பதுதான் என் முழுநேரப் பெருமை. தெருவில் எனக்கு 'வைரஸ் டாக்டர்' என்று பெயர். யார் வீட்டில் எந்திரம் மெதுவாக ஓடினாலும் நான்தான் போவேன், போய்ப் பார்த்துவிட்டு முதலில் ஒரு பிரசங்கம், அப்புறம்தான் வைத்தியம். எங்கள் வீட்டு மானிட்டருக்கு மேலே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தேன், ஸ்கெட்ச் பேனாவால் ஆறு விதிகள். தெரியாதவர் அனுப்பும் மெயிலைத் திறக்காதே, வெளியே போய் வந்த பென் டிரைவை ஸ்கேன் பண்ணாமல் தொடாதே, மோடத்துக்குக் கம்பெனிக்காரன் வைத்த பாஸ்வேர்டை அப்படியே விடாதே, இந்த மாதிரி. ஆறாவது விதி பெரிய எழுத்தில் இருக்கும்: யார் கேட்டாலும் பாஸ்வேர்டைச் சொல்லாதே. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக்கூட அதைப் படிக்கவைத்துவிட்டுத்தான் காபி கொடுப்பேன்.

அந்த அட்டையில் ஏழாவதாக ஒரு விதி பின்னால் சேர்ந்தது, அது என்னுடையது இல்லை. முந்தின ஐப்பசி மழையில் மின்னல் டெலிபோன் கம்பி வழியாக இறங்கி, எங்கள் வரிசையில் மூன்று மோடம் கருகிப்போயின. அதிலிருந்து தெருவில் ஒரு பழக்கம் வந்தது. முதல் இடி கேட்டதும் பக்கத்தில் இருக்கிறவர் ஓடிப்போய் மோடத்திலிருந்து டெலிபோன் வயரைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்து 'புடுங்கியாச்சா?' என்று கத்த வேண்டும், அவர்கள் 'புடுங்கியாச்சு!' என்று கத்திவிட்டு அதற்கடுத்த வீட்டைக் கேட்பார்கள். புதிதாக வந்த டூரிஸ்ட் யாராவது கேட்டால் பயந்துபோவார்கள். கலா என் அட்டையில் தன் கோணல் எழுத்தில் எழுதினாள்: இடி இடித்தால் வயரைப் பிடுங்கு. "இதெல்லாம் பாதுகாப்பு விதியே இல்ல, இது கரண்ட்டு சமாச்சாரம்" என்று நான் கேலி பண்ணினேன். அவள் அதை அக்காவுக்கும் மெயிலில் எழுதி, பதிலுக்கு அக்காவும் சிரித்திருந்தார்.

அந்தப் பங்குனி மாதம் யோகனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. அட்டன் கடை வேலையை விடுகிறான், பண்டாரவளையில் வேறு வேலை, லயத்தைக் காலி பண்ணிவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறான். அந்தக் கடை மெயிலும் டெலிபோன் நம்பரும் இனி கிடையாது, போய்ச் சேர்ந்ததும் புது விலாசமும் நம்பரும் மெயிலில் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தான். அவனிடமும் எங்கள் மெயில் முகவரி ஒன்றுதான் இருந்தது. அங்கே சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கலா தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்னாலேயே "மெயில் வந்துச்சா?" என்பாள், சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும் முன்னால் மறுபடியும் கேட்பாள். விலாசம் வராமல் போனால் அக்கா மறுபடியும் காணாமல் போய்விடுவாள் என்கிற பயம், வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மத்தியானம் மூன்று மணி, நல்ல வெயில், ஏரிப் பக்கம் ஒரு பொட்டு மேகம் இல்லை. கலா சந்தைக்குப் போய்விட்டு வந்து அடுக்களையில் சாக்லேட் உருக்கிக்கொண்டிருந்தாள். தேன்மொழி வாசலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் கம்ப்யூட்டர் முன்னால், யோகன் மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்க.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணும் வைரஸ் டாக்டர் வீட்டில் ஆன்டிவைரஸ் காலாவதியாகிப் பதினோரு நாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அந்த உறுத்தலோடு உட்கார்ந்திருந்தபோதுதான் திரையில் சிவப்பாக ஒரு கேடயம் போட்டு ஒரு ஜன்னல் குதித்தது. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, உடனே சுத்தம் செய்யவும்.' வேறு நாளாக இருந்தால் மூடியிருப்பேன். அன்று குற்றவுணர்ச்சி. சரி என்று அழுத்தினேன். அதுவே எதையோ இறக்கியது, அதுவே ஓடியது, வைரஸ் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயத்தைவிட மரியாதைதான் வந்தது, அடேயப்பா என்னமாய்க் கண்டுபிடிக்கிறது என்று. கடைசியில் 'உங்கள் மெயில் பெட்டியிலும் வைரஸ் உள்ளது, சுத்தம் செய்ய முகவரியும் பாஸ்வேர்டும் தரவும்' என்று இரண்டு கட்டம் வந்தது.

தலைக்கு மேலே ஆறாவது விதி தொங்கிக்கொண்டிருக்கிறது. என் கையெழுத்து. நான் பாட்டுக்கு அதற்குக் கீழே உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தேன். செல்லம்மாக்கா பெயரும் கப்பல் ஏறிய வருஷமும் சேர்ந்ததுதான் அந்தப் பாஸ்வேர்டு, கலா வைத்தது. வரிசையாகப் புள்ளிகள் விழுந்தன. விரல் என்டர் மேல் இருந்தது, அழுத்தியும் விட்டேன்.

அதே நேரம் கலா அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தாள். கையெல்லாம் சாக்லேட். மேஜைக்குக் கீழே குனிந்தவள், "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே வயரைச் சடக்கென்று பிடுங்கினாள். பக்கத்து வீட்டுப் புஷ்பக்கா குரல் கொடுத்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"ஏய், என்ன பண்ற? முக்கியமான சோலி ஓடிக்கிட்டு இருக்கு!"

"இடி இடிக்குதுல்ல? காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?"

"எங்க இடிக்குது? வெளிய பாரு, வெயிலு சுள்ளுன்னு அடிக்குது."

"வீடே அதிருதுங்க! பாத்திரமெல்லாம் ஆடுது, உங்களுக்குக் கேக்கலையா?" என்று அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமோ என்று யோசிக்கிற பார்வை.

அப்புறம்தான், கவனியுங்கள், அதற்கு அப்புறம்தான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து புஷ்பக்கா குரல் வந்தது. "கலா, புடுங்கியாச்சா?" கலாவும் "புடுங்கியாச்சுக்கா!" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கலா ஒருத்தி சொன்னால் கனவு கண்டாள் என்று விடலாம், புஷ்பக்காவுமா? வெளியே வந்தேன். வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி கிடந்தது. முதல் வீட்டு மூக்கையா அண்ணன் வாசலில் டிவி கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, இடி கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சாவா? லயத்துக்குப் பின்னால மரத்துல விழுந்த மாதிரி விழுந்துச்சேப்பா. ஆனா மேகத்தக் காணோம்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு இடியும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. நல்லாப் படம் பாத்துக்கிட்டு இருந்தேன், இந்த மனுசன் எந்திரிச்சு வந்து கேபிளப் புடுங்கிப்புட்டாரு. கடைசி சீனு போச்சு!"

கடைசி வீட்டு ஜோசப் சார் வெயிலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. "கல்லு ஒடைக்க வெடி வச்சிருப்பான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை எவன் வெடி வைப்பான்? வைத்தாலும் பாதிப் பேருக்குக் கேட்டு மீதிப் பேருக்குக் கேட்காத வெடி எங்கே விற்கிறது?

அதற்குள் தெருவில் ஒரே சிரிப்பு. கேட்டவர்கள் ஒரு கட்சி, கேட்காதவர்கள் ஒரு கட்சி என்று அவரவர் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் செவிடன் என்றும் கிறுக்கன் என்றும் திட்டிக்கொண்டோம். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். திரையில் அந்தச் சிவப்புக் கேடயம் அப்படியே நின்றது. கீழே ஒரு வரி: 'இணைப்பு இல்லை. தகவலை அனுப்ப முடியவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்.'

தகவலை அனுப்ப முடியவில்லை. அதைப் படித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இது சுத்தம் பண்ணுகிற ஆள் இல்லை, திருடன். பாஸ்வேர்டு கையில் கிடைத்ததும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுவான், அதோடு எங்கள் பெட்டி எங்களுக்குத் திறக்காது, யோகன் அனுப்பும் விலாசம் எவனோ ஒருவன் பெட்டியில் போய் விழும், கலாவுக்கு அக்கா இல்லை. இருபத்தைந்து வருஷம் கழித்துக் கிடைத்த அக்காவை நான் ஒரு என்டரில் தொலைக்கப் பார்த்திருக்கிறேன்.

"மெயில் வந்துச்சாங்க?" என்றாள் கலா, அடுக்களையிலிருந்து.

"நெட்டு இல்ல. நாளைக்கு ஸ்கூல்ல பாக்குறேன்" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"இடி நின்னுருச்சு, மாட்டிக்கோங்க" என்று வந்தாள். நான் அந்த வயரின் மறுமுனையையும் சுவரிலிருந்து கழற்றிச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வெள்ளனே எழுந்து, வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும் முன்னால் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். லேபில் சுத்தமான ஒரு எந்திரத்தில் உட்கார்ந்து மெயிலுக்குப் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். திறந்தது! பழைய பாஸ்வேர்டிலேயே திறந்தது. அந்த வினாடியே மாற்றினேன். யாரும் இல்லாத லேபில் நான் எழுந்து நின்று ஒரு குத்தாட்டம் போட்டதை வாட்ச்மேன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார், அவர் இன்றுவரை அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டு எந்திரத்தின் ஹார்டு டிஸ்கைக் கழற்றி லேபுக்குக் கொண்டுபோய் வேறு எந்திரத்தில் மாட்டிப் பார்த்தேன். அந்தத் திருட்டுப் புரோகிராம் ஒளித்து வைத்திருந்த ஒரு சின்ன ஃபைல் கிடைத்தது. அதில் எங்கள் மெயில் முகவரி, அதற்குக் கீழே ஒளிவு மறைவு இல்லாமல் செல்லம்மாக்கா பெயரும் வருஷமும், பக்கத்தில் நேரம்: மூன்று இருபது. நெட் கிடைத்தால் அனுப்பலாம் என்று காத்துக்கொண்டு கிடந்தது. நான் இடி நின்றுவிட்டது என்று வயரை மாட்டியிருந்தால் போயிருக்கும். எல்லாவற்றையும் துடைத்து, முதலிலிருந்து போட்டு, நல்ல ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டு, எல்லாப் பாஸ்வேர்டையும் தனித்தனியாக மாற்றிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இதுவரைக்கும் கதையில் ஒன்றும் இல்லை. முட்டாள்தனமாக ஒரு பொறியில் கால் வைத்தேன், மனைவி பிரமையில் வயரைப் பிடுங்கினாள், தப்பித்தேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், வியாழக்கிழமை வரைக்கும்.

வியாழக்கிழமை யோகனின் மெயில் வந்தது. புது விலாசம், புது நம்பர், எல்லாம் இருந்தது. லேபிலேயே பிரின்ட் எடுத்து, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து கலாவிடம் நீட்டினேன். "நீங்களே படிங்க, என் கையெல்லாம் சாக்லேட்டு" என்றாள். படித்தேன். விலாசத்துக்குக் கீழே அவன் எழுதியிருந்தது இது, எழுத்து மாறாமல் எனக்கு இன்னும் மனப்பாடம்:

'சித்தி, ஞாயிறு நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். பின்னேரம் மூன்று இருபது இருக்கும், சரியான மழை, லயத்துக்குப் பின்னுக்கு இருந்த மரத்தில் இடி விழுந்து கரண்டும் போய்விட்டது, அதுதான் நேரம் பார்த்தேன். அம்மா பயந்து என்ன கத்தினா தெரியுமா? கலா, வயரைப் புடுங்கு, வயரைப் புடுங்கு என்று கத்தினா. இங்க எங்களுக்கு என்ன வயர் இருக்கு! எல்லாரும் அம்மாவைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்.'

நான் நிறுத்திவிட்டேன். கலா சிரித்துக்கொண்டிருந்தாள், அக்கா கத்தியதை நினைத்து. நான் கேட்டேன், "அன்னிக்கு வயரைப் புடுங்கும்போது நீ 'சரிக்கா'ன்னு சொன்னியே, யார்கிட்டச் சொன்ன?"

"நானா? நான் ஒண்ணும் சொல்லலையே."

"ரெண்டு தடவை சொன்ன, கலா."

"இல்லைங்க. இடி கேட்டுச்சு, ஓடியாந்தேன், புடுங்குனேன். வாயே தொறக்கல."

அப்போதுதான் நான் ஞாயிற்றுக்கிழமைக் கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன், கேடயம், பாஸ்வேர்டு, என்டர் எல்லாவற்றையும். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டும் விழுந்தது. "ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசிட்டு, அந்த அட்டைக்குக் கீழயே ஒக்காந்து எங்க அக்கா பேரைத் தூக்கி எவனுக்கோ குடுக்கப் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்துப் பாதியிலேயே நிறுத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, ஏழாவது விதியில் 'ஏழு' என்பதை அடித்துவிட்டு 'ஒன்று' என்று போட்டாள்.

ஆனால் எனக்குத் தூக்கம் போனது வேறு விஷயத்தில். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு மறுபடி வீடு வீடாகப் போனேன், விசாரணை அதிகாரி மாதிரி. இடி கேட்டவர்கள்: கலா, புஷ்பக்கா, அவர் வீட்டுக்காரர், மூக்கையா அண்ணன். கேட்காதவர்கள்: நான், ஜோசப் சார், பேக்கரி வைத்திருக்கும் மலையாளத்துக்காரர், மூக்கையா அண்ணனின் மனைவி. காகிதத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. கூரையா, சன்னலா, வயசா என்று என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். கலா தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"இதுல என்ன இருக்கு? கேட்டவங்க அம்புட்டுப் பேரும் கப்பல்ல வந்தவங்க."

உண்மைதான். அந்த நான்கு பேரும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். மூக்கையா அண்ணனின் மனைவி இதே மலையில் பண்ணைக்காட்டு ஊர்க்காரர், ஒரே சோபாவில் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவருக்குக் கேட்கவில்லை. இதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? எனக்கும் தெரியவில்லை. நான் சரியாகத் தேடவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சும்மா ஒரு கேள்வி கேட்டு வைத்தேன், கேட்காமலேயே இருந்திருக்கலாம். "தேனு, ஞாயித்துக்கிழமை வாசல்ல படம் வரைஞ்சியே, உனக்கு இடி கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா" என்றாள் அப்பளத்தைக் கடித்துக்கொண்டே. "ஆனா இந்தக் காதுல மட்டும்தான்." இடது காதைத் தொட்டுக் காட்டினாள். அம்மா தோட்டத்தில் பிறந்தவள், அப்பா பாலசமுத்திரம். பாதிதான் அவளுக்கு வந்திருக்கிறது போல. கலா சிரிக்கிறாள், எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு நல்ல காலம்தான். சண்டை முடிந்ததும் செல்லம்மாக்கா ஒருமுறை வந்து ஒரு மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போனார். அக்காவும் தங்கையும் மேகம் இறங்குகிற சாயங்காலங்களில் பேசிய பேச்சை எழுதினால் இந்த மலை கொள்ளாது. மோடம் போய் இப்போது ஃபைபர் வந்துவிட்டது, மின்னல் அந்த வழியாக இறங்காது, விளக்கி விளக்கிச் சொல்லிவிட்டேன். சாக்லேட் கறை படிந்த அந்தப் பழைய வயர் மட்டும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

உள்ளுக்குள் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலேயே எனக்கு மட்டும் ஒன்று கேட்பதில்லை. வெயில் அடிக்கும் மத்தியானங்களில் சில நேரம் நானும் காதைக் கொடுத்துப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்தான் கேட்கும்.

மூன்று மாதம் முன்னால் ஒரு நாள். தேன்மொழிக்குக் கோயம்புத்தூரில் வேலை. கலா கடைகளுக்குச் சாக்லேட் கொடுக்கப் போயிருந்த மத்தியானம் போன் பண்ணினாள். "அப்பா, ப்ளக்கைப் புடுங்கிட்டீங்களா?"

"எதுக்கும்மா?"

"இடி இடிச்சுச்சுப்பா. அந்தக் காதுலதான்." அங்கேயும் வெயில்தான் என்றாள். அவள் குரலில் பயம் எல்லாம் இல்லை, மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

நான் போய்ப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டு என்ன தோன்றியதோ, பண்டாரவளைக்குப் போன் போட்டேன். செல்லம்மாக்காதான் எடுத்தார். அங்கே நல்ல மழையா, இடி விழுந்ததா என்று கேட்டேன்.

"இல்லையே தம்பி" என்றார். "மழையும் இல்ல, இடியும் இல்ல. கருக்கிக்கிட்டு வருது, அவ்வளவுதான். இருங்க, கொடியில துணி கெடக்கு, எடுத்துட்டு வந்துர்றேன்."

போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனார். செருப்புச் சத்தம், ஒரு கதவு, எங்கேயோ ஒரு கோழி. நான் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். திடீரென்று போனுக்குள் இடித்தது. அப்படி ஒரு இடி, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். என் மகள் கூப்பிட்டு முழுசாக நான்கு நிமிஷம் ஆகியிருந்தது, போனில் நேரம் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

மறுமுனையில் அக்கா ஓடி வந்து போனை எடுத்தார். மூச்சு வாங்கியது. "தம்பி, வயரைப் புடுங்குங்க" என்றார்.

"புடுங்கியாச்சுக்கா" என்றேன்.